வேர் பிடித்த மல்லிகைக் குச்சிகளை வெயிலுக்குப் பழக்குதல்

கார்த்திகைக் கவாத்தில் வெட்டிய குண்டுமல்லிக் கிளைகளிலிருந்து குச்சி எடுத்து, கீற்றுப் பந்தலின் கீழ் மணல் பாத்தியில் ஊன்றி வைத்த விவசாயிகளுக்கு மாசி மாதத்தில் ஒரு மகிழ்ச்சியும் ஓர் அவசரமும் சேர்ந்தே வரும். குச்சிகளில் வேர் இறங்கியிருக்கும். நுனியில் இரண்டு மூன்று ஜோடி இலைகள் பளபளவென்று நிற்கும். "வேர்தான் பிடித்துவிட்டதே, இனி நிலத்தில் வைத்துவிடலாம்" என்று பலர் உடனே பிடுங்கிப் பங்குனி வெயிலில் நட்டுவிடுகின்றனர். ஒரு வாரத்திற்குள் பாதிச் செடிகள் கருகிப் போகின்றன. பழி மண்ணின் மீதோ, நாற்று விற்றவர் மீதோ விழுகிறது.

குண்டுமல்லியை ஒரு முறை நட்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பூப் பறிக்கலாம். வரிசைக்கு வரிசை 1.25 மீட்டர், செடிக்குச் செடி 1.25 மீட்டர் என்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 2,560 செடிகள் பிடிக்கும். இருபது சென்ட் வைத்திருப்பவருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் செடிகள். அதில் நூறு செடி போனால் ஐந்தில் ஒரு பங்குத் தோட்டம் போயிற்று என்று பொருள். போக்கிடம் நிரப்பலாம் என்பது உண்மையே. ஆனால் பின்னால் நட்ட செடி, முன்னால் நட்ட செடியின் வளர்ச்சியை எட்டிப் பிடிக்க வெகு நாளாகும். கவாத்தும் உரமும் இரண்டு விதமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே நாற்றங்காலிலிருந்து வெளியே கொண்டுவரும் அந்த மூன்று நான்கு வாரங்களே தோட்டத்தின் பல ஆண்டு வருமானத்தை நிர்ணயிக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நிலக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சிறு விவசாயியின் நிலத்திற்குப் போயிருந்தேன். பங்குனிக் கடைசியில் ஐந்நூறு செடிகள் நட்டிருந்தார். நட்ட நான்காம் நாள் இலைகளில் வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல் திட்டுகள் தோன்றி, எட்டாம் நாள் இலை முழுவதும் கொட்டிவிட்டது. செடி செத்துவிட்டது என்று முந்நூறுக்கு மேல் பிடுங்கி வரப்போரம் வீசிவிட்டார். நான் போனபோது வேறு நாற்றுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார். வீசிக் கிடந்ததில் ஒரு குச்சியை எடுத்து நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை இருந்தது. வாய்க்கால் ஈரத்தில் விழுந்த சில குச்சிகள் தாமாகவே கணுவில் துளிர் விட்டிருந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தக் குச்சிகளைப் பொறுக்கி எடுத்துப் பைகளில் வைத்தார். பிழைத்தவை எண்பதுக்கும் குறைவு.

அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பந்தலுக்கடியில் இடம் போதாமல் போனதால், இரண்டாயிரம் பைகளை ஒரே நாளில் வெட்டவெளிக்கு மாற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் அவற்றைப் பார்த்தபோது எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தண்ணீர் தாராளமாக ஊற்றியிருந்தோம். மண் ஈரமாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் இலை கருகியது ஏன் என்பதை விவசாயிகள் தெரிந்துகொண்டால் மற்ற வேலைகள் எளிதாகிவிடும்.

நிழலில் பிறந்த இலை

கோடைக்கால நண்பகல் வெயிலின் ஒளி அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். 75 சத நிழல்வலையின் கீழ் அதில் கால் பங்குதான் விழுகிறது. காற்றில் ஈரம் நிறைந்த அந்த நிழலில் விரிந்த இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அதன் மேல் உள்ள மெழுகுப் பூச்சும் மெல்லியதே. இலையின் அடிப்புறம் உள்ள நுண்ணிய துளைகள் வறண்ட காற்றுப் பட்டால் விரைவாக மூடிக்கொள்ள வேண்டும். ஈரக் காற்றிலேயே வளர்ந்த இலையில் அவை மெதுவாகத்தான் மூடும். எனவே வெளியே வந்தவுடன் இலை நீரைக் கட்டுப்பாடின்றி இழக்கிறது. அதோடு, குறைந்த ஒளிக்கென்று அமைந்த பச்சையம் திடீரென்று வந்த அதிக ஒளியைத் தாங்காமல் சிதைகிறது. நாம் காணும் வெள்ளைத் திட்டு அதுவே.

வேரின் நிலையும் இப்படித்தான். மணலில் இறங்கிய முதல் வேர்கள் வெண்மையாக, தடித்து, கிளை அதிகமில்லாமல் இருக்கும். தொட்டால் ஒடியும். பிடுங்கும்போது அவற்றின் நுனிகளும், நீர் உறிஞ்சும் மயிர் வேர்களும் அறுந்து போகின்றன. செலவு செய்ய இலை இருக்கிறது; சம்பாதிக்க வேர் இல்லை. இந்த நிலையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் செடியால் குடிக்க முடியாது.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நிழலில் பிறந்த இலை, வெயிலைச் சற்றுத் தாங்கப் பழகுமே தவிர, முழு வெயில் இலையாக மாறிவிடாது. வெளிச்சத்திற்கு வந்தபின் புதிதாக விரியும் இலைதான் சிறுத்து, தடித்து, கரும்பச்சையாக வரும். ஆகவே "இத்தனை நாள் வெளியில் வைத்தேன்" என்ற நாள் கணக்கு மட்டும் போதாது. வெளிச்சத்தில் துளிர்த்த புது இலை இரண்டு ஜோடியாவது முழுதாக விரிந்து, நண்பகலில் வாடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அந்தச் செடியே நடவுக்குத் தயாரான செடி. பழைய இலை ஒன்றிரண்டு பழுத்து உதிர்ந்தால் கவலை வேண்டாம்.

முதலில் பைக்கு

மணல் பாத்தியில் வேர் விட்ட குச்சியை நேராக நிலத்திற்குக் கொண்டுபோகாமல் முதலில் பாலிதீன் பையில் வைக்க வேண்டும். குச்சியை மெல்ல அசைத்துப் பார்த்தால் கை இழுப்புக்கு எதிராக மண் பிடித்துக்கொள்வது தெரியும். இந்தச் சோதனையோடு நிற்காமல் பாத்திக்கு நான்கைந்து குச்சிகளைக் கரண்டியால் மண்ணோடு பெயர்த்துப் பாருங்கள். மூன்று நான்கு வேர்களாவது இரண்டு அங்குல நீளம் வந்து, பக்க வேர்கள் கிளைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அடிப்பக்கம் வெள்ளைக் கட்டி மட்டும் திரண்டு, வேர் இல்லாமல் இருந்தால் இன்னும் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். இலை வந்ததை மட்டும் பார்த்து வேர் வந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. குச்சியில் சேமித்து வைத்த சத்தைக் கொண்டே சில இலைகள் துளிர்த்துவிடும்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து பையில் நிரப்புங்கள். மக்காத சாணம் வேரைச் சுட்டுவிடும். ஆனி நடவுக்கு ஆறு அங்குல உயரப் பை போதும். ஆவணி வரை வைத்திருக்க நேர்ந்தால் அதைவிடப் பெரிய பை வேண்டும். இல்லாவிட்டால் வேர்கள் பைக்குள்ளேயே சுருண்டு சுற்றிக்கொள்ளும். நிலத்தில் நட்ட பின்பும் அந்தச் சுருள் விரியாது. பையின் அடியிலும் பக்கத்திலும் ஐந்தாறு துளைகள் இட மறவாதீர்கள். குச்சியை வைத்து மண்ணை விரலால் மென்மையாக அழுத்தினால் போதும். குத்தி இறுக்கினால் வேர் ஒடியும்.

பைக்கு மாற்றியபின் மூன்று வாரம் பழைய நிழலிலேயே இருக்கட்டும். புது வேர் பை மண்ணைப் பற்றிக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும். வெயிலுக்குப் பழக்குவது அதற்குப் பிறகுதான்.

தங்கச்சிமடம் போன்ற மணற்பாங்கான இடங்களிலிருந்து நாற்று வாங்குபவர்களுக்கும் இதுவே பொருந்தும். வெறும் வேரோடு கட்டாகக் கட்டி வரும் நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி, வேரில் காற்றுப் படாமல் கொண்டுவர வேண்டும். வந்த அன்றே இலைகளில் பாதியைக் குறைத்துவிட்டு ஊன்ற வேண்டும். இரவு முழுவதும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் நல்லதல்ல. வேர் மூச்சுத் திணறும். மழைக்காலமாக இருந்தால் நேரே நடலாம். மாசி, பங்குனி, சித்திரையில் வாங்கியிருந்தால் பையில் வைத்து நிழலில் தேற்றிய பிறகே நடவு.

நிழலைக் குறைக்கும் முறை

மூங்கில் வளைவின் மேல் பாலிதீன் தாள் மூடி ஈரக்குடில் அமைத்தவர்கள் முதலில் அந்தத் தாளைத்தான் எடுக்க வேண்டும். நிழலில் கை வைக்க வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு மேல் இரு முனைகளையும் திறந்து வைத்து, காலையில் மூடுங்கள். மூன்று நாள் கழித்து இரவு முழுவதும் தாளை எடுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் பகலிலும் எடுத்துவிடலாம். காற்று வறட்சியையும் வெயிலையும் ஒரே நாளில் காட்டக்கூடாது. பலரும் இந்த இடத்தில்தான் தவறுகின்றனர்.

அடுத்ததாக வெயில். நிழல்வலை வைத்திருப்பவர்கள் 75 சத வலையிலிருந்து 50 சத வலைக்கு மாற்றலாம். ஆனால் சிறு விவசாயிக்கு வலையை விடத் தென்னங்கீற்றுப் பந்தலே வசதி என்பது என் அபிப்பிராயம். செலவு குறைவு, நிழலை நம் விருப்பம்போல் கூட்டிக் குறைக்கலாம். கீற்றுகளைத் தெற்கு வடக்காகப் பரப்புங்கள். அப்படிப் பரப்பினால், சூரியன் கிழக்கிலிருந்து மேற்காக நகரும்போது இடைவெளியில் விழும் வெயில் பட்டையும் செடி மேல் நகர்ந்துகொண்டே போகும். கிழக்கு மேற்காகப் பரப்பினால் ஒரே வரிசைச் செடிகள் மீது வெயில் வெகு நேரம் நிற்கும். மற்றவை இருளில் கிடக்கும். முதல் வாரம் மூன்று கீற்றுக்கு ஒன்று வீதம் உருவுங்கள். அடுத்த வாரம் மீதியில் பாதியை உருவுங்கள். மூன்றாம் வாரம் காலை பத்து மணி வரையிலும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் திறந்த வெயில் படும்படி செய்யலாம். ஒவ்வொரு முறையும் மாலையில் உருவ வேண்டும். இரவுக் குளிர்ச்சியில் செடி ஒரு முறை தேறிக்கொள்ளும். மேக மூட்டமான நாள் கிடைத்தால் அன்று செய்யுங்கள்.

நூறு, இருநூறு பைகள் மட்டும் உள்ளவர்களுக்குப் பந்தலே வேண்டாம். வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கம் காலை வெயில் விழுந்து நண்பகலுக்குப் பின் நிழலாகும். அங்கே வைத்தால் போதும். தென்னந்தோப்பின் ஓடும் நிழலும் நல்லதே. புளிய மரத்தடி கூடாது. அந்த அடர்ந்த நிழலில் எத்தனை நாள் இருந்தாலும் செடி பழகாது.

மதுரை வட்டாரத்தில் ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை பிறக்கும் சமயத்தில், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நம் நிழல் காலடியிலேயே விழும். ஆகவே பழக்கும் வேலையைப் பங்குனி நடுவுக்குள் முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் பாதி நிழலோடு நிறுத்திவிட்டு, கோடை மழை கிடைத்து வெப்பம் தணிந்த பிறகு தொடரலாம். கத்திரி வெயிலில் பிடிவாதம் பிடித்து ஆவது ஒன்றுமில்லை.

வேர் வேகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இலை கருகுவது கண்ணுக்குத் தெரியும். பைக்குள் வேர் வேகுவது தெரியாது. கறுப்புப் பாலிதீன் பையின் பக்கவாட்டில் பிற்பகல் வெயில் அடித்தால் உள்ளே மண் கை பொறுக்காத சூடாகிவிடும். மேற்கு ஓர வரிசைப் பைகளில் மட்டும் செடி வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுவே. பைகளை நெருக்கமாக அடுக்கி, ஓர வரிசைக்கு வெளியே மண்ணையோ வைக்கோலையோ அணைத்துவிடுங்கள். நான்கு அங்குல ஆழப் பள்ளத்தில் இறக்கி வைப்பது இன்னும் நல்லது. சிமெண்டுத் தளத்தின் மீதும் பாறை மீதும் பைகளை வைக்கக்கூடாது.

தண்ணீரைத் தினமும் சிறிது சிறிதாகத் தெளிக்காமல், பை முழுவதும் நனைந்து அடித் துளையில் நீர் கசியும் வரை ஊற்றுங்கள். பிறகு மேல் மண் அரை அங்குலம் காயும் வரை பொறுங்கள். இவ்வாறு செய்தால் வேர் கீழ் நோக்கி இறங்கும். காலையில் ஊற்றுவது நல்லது. ரப்பர்க் குழாய் வெயிலில் கிடந்தால் அதிலுள்ள நீர் சுடு நீராகியிருக்கும். அதைக் கீழே விட்டுவிட்டுப் பிறகு செடிக்குப் பிடியுங்கள். உப்பு நீர் மட்டுமே உள்ளவர்கள் இலை ஓரம் பழுப்பாகக் காய்வதைக் காணலாம். இளஞ்செடிக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது வீண் வேலையன்று.

இந்த மூன்று வாரமும் யூரியா கொடுக்க வேண்டாம். தழைச்சத்து கிடைத்தால் செடி கொழுத்து, இளசான இலைகளை விடும். நாம் கேட்பது கெட்டியான இலை.

பங்குனி, சித்திரை குண்டுமல்லி பூக்கும் பருவம். ஒரு சாண் உயரச் செடிகூட நுனியில் மொட்டு வைத்துவிடும். அதைக் கிள்ளி எறிய யாருக்கும் மனம் வராது. வீட்டிலுள்ள சிறு பெண்கள் நம்மை முறைப்பார்கள். இருந்தாலும் கிள்ளத்தான் வேண்டும். வேருக்குப் போக வேண்டிய சத்தை அந்த இரண்டு மொட்டுகள் இழுத்துக்கொள்ளும்.

வெப்பம் ஏறும்போது சிவப்புச் சிலந்திப் பேன் வரும். இலையின் மேல்புறம் ஊசிமுனை அளவு மஞ்சள் புள்ளிகளும், அடிப்புறம் மெல்லிய நூலாம்படையும் இதன் அடையாளம். முதலில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்துப் பாருங்கள். பாதி அதிலேயே அடங்கும். மீறினால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். அதையும் மாலையில்தான் தெளிக்க வேண்டும். கடும் வெயிலில் கந்தகமே இலையைச் சுட்டுவிடும்.

இலை கொட்டிவிட்டால் நிலக்கோட்டை நண்பர் செய்ததைச் செய்யாதீர்கள். பட்டையைச் சுரண்டுங்கள். பச்சை இருந்தால் பையை நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரைக் குறைத்து, மூன்று வாரம் காத்திருங்கள். இலை இல்லாத செடி அதிகம் குடிக்காது. ஐயோ பாவம் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், மிஞ்சியிருக்கும் வேரும் அழுகும். பட்டை பழுப்பாகி, குச்சி ஒடித்தால் சடக்கென்று ஒடியும் செடிகளை மட்டும் கழித்துவிடலாம்.

எப்போது நடுவது?

குண்டுமல்லி நட ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்ற காலம். தென்மேற்குப் பருவ மழை எட்டிப் பார்க்கும் மேற்குப் பகுதிகளில் ஆனி, ஆடியில் நடலாம். மதுரை, இராமநாதபுரம் போன்ற பகுதிகளில் ஆனி, ஆடி வறண்ட காற்றடிக்கும் மாதங்கள். அங்கே ஆவணி, புரட்டாசி மழையை நம்பி நடுவதே மேல். தண்ணீர் தேங்கும் நிலமாக இருந்தால் ஐப்பசி அடை மழைக்கு முன் செடி வேரூன்றியிருக்க வேண்டும். அதுவரை பழகிய செடிகள் பையிலேயே பாதி நிழலில் இருக்கட்டும். பை மண்ணைத் தாண்டித் தரையில் வேர் ஓடாமல் இருக்க, மாதம் ஒரு முறை பைகளை இடம் மாற்றி வையுங்கள்.

கிணற்றில் தண்ணீர் உறுதியாக இருக்கிறது, மாசியிலேயே நட்டுத்தான் ஆக வேண்டும் என்பவர்களும் உண்டு. போன பருவத்தில் வேர் விட்டு, ஐந்தாறு மாதம் பையில் இருந்து பழகிய செடிகள் கையில் இருந்தால் நடுங்கள். இந்தக் கார்த்திகைக் குச்சியை மாசியில் நிலத்தில் வைக்க வேண்டாம்.

ஓரடி நீள, அகல, ஆழக் குழிகளை ஒரு மாதம் முன்பே எடுத்து ஆறப் போடுங்கள். குழிக்குப் பத்துக் கிலோ தொழுவுரத்தை மேல் மண்ணுடன் கலந்து நிரப்புங்கள். முதல் நாள் குழியை நனைத்து வைத்து, மறுநாள் மாலை நடவு செய்யுங்கள். பையைக் கத்தியால் கீறி எடுக்க வேண்டும். செடியைப் பிடித்து இழுத்தால் மண் கட்டி உடையும். அடியில் சுருண்ட வேர் இருந்தால் அந்த நுனிகளை மட்டும் நறுக்கிவிடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, நிலத்திலும் அதே மட்டம் வர வேண்டும். நட்டவுடன் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மண்ணின் ஈரம் பார்த்துப் பாய்ச்சலாம்.

நட்ட செடிக்குப் பனை மட்டையோ கீற்றுத் துண்டோ ஊன்றி நிழல் கொடுப்பது நம் முன்னோர் வழக்கம். அதை எந்தப் பக்கம் ஊன்றுவது என்பதில் பலருக்கும் குழப்பம். தெற்கே ஊன்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனி, ஆடியில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ஆகவே தெற்கே ஊன்றிய மட்டை செடிக்கு நிழல் தராது. மேற்கே ஊன்றி, செடியின் மேல் சற்றுச் சாய்த்துவிட்டால் உச்சி வெயிலுக்கும் பிற்பகல் வெயிலுக்கும் அதுவே மறைப்பு. பலத்த காற்று வீசும் கோவை, தேனிப் பக்கங்களில் மேல்காற்றுக்கும் அந்த மட்டையே தடுப்பாகும்.

பத்துக்கு ஒன்று வீதம் அதே வயதுச் செடிகளைப் பையில் வைத்துக் காப்பாற்றி வாருங்கள். இருபது சென்ட் நிலத்துக்கு ஐம்பது, அறுபது பைகள் போதும். நட்ட ஒரு மாதத்திற்குள் போக்கிடங்களை இவற்றைக் கொண்டு நிரப்பினால் தோட்டம் ஒரே சீராக வரும். பனை மட்டைகளை, செடியில் அடுத்த ஜோடிப் புது இலை முழுதாக விரிந்த பிறகு எடுக்கலாம். மாலையில் எடுங்கள், எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் வேண்டாம், துளிர்த்த செடிகளுக்கு மட்டும்.